செய்து காட்டுவதா, கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவதா?

குழந்தையின் ஆர்வத்தைக் கூட்ட இரண்டு வழி சொல்வார்கள். நாமே செய்து காட்டுவது ஒன்று. பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொன்று.

2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சின்னப் பிள்ளைகளுக்குப் புதுப் பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். குழாயை இழுத்தால் கீச்சென்று கத்தும். விளக்கு, இசை, கண்ணாடி என இன்னும் சில வித்தைகள் அதில் ஒளிந்திருக்கும். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் கீச்சொலியோடு சீக்கிரம் நின்றுவிட்டார்கள். குழாய் தற்செயலாக இழுபட்டதுபோல் பார்த்தவர்களோ நோண்டி நோண்டி மற்றதையும் அதிகம் கண்டுபிடித்தார்கள். கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் கணக்கு இப்படி இருந்திருக்கலாம்: வேறு ஏதாவது இருந்தால் டீச்சர் சொல்லியிருப்பாரே!

சரி, அப்படியானால் ஒதுங்குவதே மேலா? எப்போதும் இல்லை. தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் ஆர்வத்தைக் கிளறுகிறது என்று 1994-இல் எழுதினார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன். ஒன்றுமே தெரியாதவருக்கு இடைவெளி இருப்பதே தெரியாது. காந்தம், பூதக்கண்ணாடி என்றால் நான் ஒதுங்குகிற கட்சி (வாயை அடக்குவதுதான் கஷ்டம்). சதுரங்கப் பலகை என்றால் உட்கார்ந்து விதியைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் குதிரையை வைத்துப் பந்தயம் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை.