ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு: எந்த மாதம் எடுத்தால் சேமிப்பு, எந்த மாதம் எடுத்தால் வட்டிக் கடன்?

பதிவு பெற்ற நிறுவனங்களில் அதிகம் பேர் சேரும் ரகம் இது: ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதத் தவணை 5,000 ரூபாய். சேர்க்கும்போது ஏஜென்ட் சொல்லும் வாசகம் எப்போதும் ஒன்றுதான்: "சேமிப்புக்குச் சேமிப்பு, அவசரத்துக்குக் கடன்." அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குக் கிடைப்பதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது புரியும்.

முதல் மாதம் பெரும்பாலும் கம்பெனிச் சீட்டு. ஃபோர்மேன், அதாவது சீட்டை நடத்துபவர், தள்ளுபடி இல்லாமல் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார், ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரத்தில் இருப்பவர் 30,000 தள்ளிக் கேட்டு எடுத்தால் அவர் கைக்கு வருவது 70,000. தள்ளிய 30,000-இல் நிறுவனத்தின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிகிறது. ஆளுக்கு 1,250. அதை டிவிடெண்ட் என்கிறார்கள். அந்த மாதம் 5,000-க்குப் பதில் 3,750 கட்டினால் போதும்.

மாதம் போகப் போகத் தள்ளுபடி இறங்கும். எட்டாம் மாதம் 20,000, பத்தாம் மாதம் 17,000, பதினைந்தாம் மாதம் 12,000, கடைசி மாதம் கமிஷன் 5,000 மட்டும் என்று சீராக இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மிதமான ஏலம் நடக்கும் குழுவுக்கு இது நியாயமான அனுமானம். இந்தக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் 20 மாதத்தில் சேரும் டிவிடெண்ட் 11,550. ஆக எல்லோரும் கட்டுவது 88,450. எடுப்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கடைசியில் எடுப்பவருக்கு 95,000. லாபம் 6,550. பணம் சிறுகச் சிறுகப் போய் இருந்த காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9.7 சதவீதத் தனிவட்டி. நம் பேச்சில் சொன்னால் முக்கால் வட்டிக்கு (நூறு ரூபாய்க்கு மாதம் முக்கால் ரூபாய்) சற்று மேல். கமிஷன் மீது ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலையில் அது 12-இலிருந்து 18 சதவீதமாக ஏறியது. அந்த 900 ரூபாயைச் சீட்டு எடுப்பவர் தலையில் கட்டினால் வருமானம் 8.4-க்கு இறங்கும். பணத்தைக் கொடுக்க நிறுவனம் ஒரு மாதம் இழுத்தடித்தால் 7.6. அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) வட்டி 2023 அக்டோபரில் 6.7 சதவீதமானது. அதற்கும் இதற்கும் இருக்கும் ஒரு சதவீதச் சொச்சத்துக்காகத்தான் ஏலம், ஜாமீன், பதிவு எண் என்று இவ்வளவு பாடு.

இரண்டாம் மாதமே எடுத்தவரின் கதை வேறு. 70,000 வாங்கி மொத்தமாக 88,450 கட்டுகிறார். தவணைவாரியாகப் பார்த்தால் இது மாதம் 2.8 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட மூன்று வட்டி. மருத்துவச் செலவு, வேறு வழியே இல்லை என்றால் சரி. வீட்டில் அடகு வைக்க ஒரு சவரன் இருக்கும்போது சீட்டைத் தள்ளி எடுப்பது வீண். வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் உண்மையில் நஷ்டப்படுகிறவர் நடுவில் எடுப்பவர். ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதே இல்லை. பத்தாம் மாதம் எடுப்பவருக்கு 83,000 கிடைக்கிறது. அதற்குள் அவர் கட்டியிருப்பது 41,500. அதாவது கைக்கு வந்ததில் சரிபாதி அவருடைய சொந்தப் பணம், பத்து மாதம் வட்டியில்லாமல் கிடந்த பணம். மற்றப் பாதிதான் கடன். அந்த 41,500-க்கு அடுத்த பத்து மாதத்தில் அவர் திருப்புவது 46,950. இது இரண்டு வட்டிக்கு மேல். "நடுவுல எடுத்தா ரெண்டுங்கெட்டான்" என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதைத்தான். போட்ட பணத்துக்குக் குறையாமல் திரும்பி வருவது பதினாறாம் மாதத்திலிருந்துதான். அன்று தள்ளுபடி 11,000, கைக்கு 89,000.

எனவே சீட்டைச் சேமிப்பாகப் பயன்படுத்த நினைப்பவர், பணம் தேவைப்படும் மாதத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணிக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம்தான் இலக்கு என்றால், முந்தின ஆண்டு ஜனவரியில் தொடங்கும் குழு சரியாக வரும். மே மாதம் பதினேழாவது ஏலம். தள்ளுபடி 10,000-க்கு வந்திருக்கும், 90,000 கைக்கு வரும். அக்டோபரில் தொடங்கும் குழுவில் சேர்ந்தால் அதே மே மாதம் எட்டாவது ஏலத்தில் வந்து நிற்கும். 20,000 போய்விடும்.

டிவிடெண்டை என்ன செய்வது என்பது இன்னொரு விஷயம். பலரும் "இந்த மாசம் 3,750 தான்" என்று மகிழ்ந்து மிச்சத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். சேமிப்பு கரைவது அங்கேதான். ஒவ்வொரு மாதமும் 5,000-ஐயே எடுத்துவைத்து, சீட்டுக்குப் போக மீதியைத் தனிக் கணக்கில் போட்டால் முடிவில் அந்த 11,550 தனியாக நிற்கும். இன்னொன்று: கெடு தேதி தாண்டிக் கட்டினால் அந்த மாத டிவிடெண்ட் கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். சம்பளம் 7-ஆம் தேதி வரும் வீடு, 5-ஆம் தேதி கெடு உள்ள குழுவில் சேர்ந்தால் மாதத்துக்குச் சராசரியாக அறுநூறு ரூபாய் அளவுக்கு இழப்பு.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் வருமானம் மாறும். எல்லோரும் சம்பளக்காரர்கள், எல்லோருக்கும் கடைசியில்தான் வேண்டும் என்றால் ஏலம் சூடு பிடிக்காது. தள்ளுபடி பத்து சதவீதத்தைத் தாண்டாது, டிவிடெண்டும் சொற்பம். வியாபாரிகள் நிறைந்த குழுவில் சரக்குக் கொள்முதல் நேரத்தில் தள்ளுபடி உச்சவரம்பைத் தொடும். இரண்டு மூன்று பேர் உச்சவரம்பிலேயே கேட்டால் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அங்கே டிவிடெண்ட் கொழுக்கும், கூடவே தவணை நின்றுபோகும் ஆபத்தும் வளரும். சேருமுன் அதே கிளையில் சமீபத்தில் முடிந்த ஒரு குழுவின் ஏல விவரத்தைக் கேளுங்கள். மாதவாரியாகத் தள்ளுபடித் தொகையைக் காட்டத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

பாதுகாப்புக்கு வருவோம். 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டம்தான் அடிப்படை. மேற்பார்வை மாநில அரசின் சீட்டுப் பதிவாளர், ரிசர்வ் வங்கி அல்ல. குழு தொடங்குமுன் முன் அனுமதி ஆணை வாங்க வேண்டும், அதைத்தான் பி.எஸ்.ஓ. எண் என்பார்கள். ஃபோர்மேன் பிணையம் கட்ட வேண்டும். பிறகு ஒப்பந்தம் பதிவாகி, தொடக்கச் சான்றிதழ் வர வேண்டும். இந்த இரண்டு எண்களும் அந்தக் குறிப்பிட்ட குழுவுக்கு உரியவையாக இருப்பது முக்கியம். நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, பதிவில்லாத குழுக்களைப் பக்கத்து மேஜையில் நடத்தும் தந்திரம் பழையது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5-இலிருந்து 7 சதவீதமாக்கியது. 7 சதவீதம் வாங்கும் இடத்தில் மேலே போட்ட கணக்கில் கடைசி ஆளுக்கு 95,000-க்குப் பதில் 93,000-தான், மாத டிவிடெண்டும் குறையும். அப்போது ஆர்.டி.யே மேல்.

வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு சீட்டுக்கு இல்லை. ஃபோர்மேன் கட்டும் பிணையம் சுமார் ஒரு மாதச் சீட்டுத் தொகைக்குத்தான் ஈடு. நிறுவனம் பாதியில் கவிழ்ந்தால் இன்னும் எடுக்காத அத்தனை பேருக்கும் அது போதாது. கேரளத்தில் 1969-இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. போன்றவற்றில் இந்தப் பயம் குறைவு.

அதிகப் புகார் வருவது ஏலம் எடுத்த பிறகுதான். இரண்டாம் மாதம் எடுத்தவருக்கு இன்னும் 18 தவணை பாக்கி, முகமதிப்பில் 90,000. அதற்கு ஜாமீன் கேட்பார்கள்: சம்பளச் சான்றோடு ஒன்றிரண்டு ஜாமீன்தாரர்கள், அல்லது வைப்பு ரசீது, அல்லது சொத்துப் பத்திரம். ஏற்கனவே வேறொரு குழுவில் ஜாமீன் போட்டவரைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், ஓய்வுபெற ஓராண்டு இருப்பவரையும் தள்ளிவிடுவார்கள். ஏலத்தில் 30,000 தள்ளியது தள்ளியதுதான், ஜாமீன் தேறாவிட்டால் பணம் கைக்கு வராது. சட்டப்படி அந்தத் தொகையை ஃபோர்மேன் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். நீங்கள் அவசரத்தில் தள்ளிய பணமோ அங்கே உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஜாமீன்தாரர் பெயரையும் சான்றுகளையும் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்து, "இவர் தேறுவார்" என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கேளுங்கள்.

எடுக்காதவர் பாதியில் நின்றால் பிடித்தம் போக மீதி வரும். அதுவும் மாற்று ஆள் சேர்ந்த பிறகோ சீட்டு முடிந்த பிறகோதான். எடுத்தவர் நின்றால் மீதித் தவணை முழுவதையும் ஒரே தடவையில் கேட்க ஃபோர்மேனுக்கு உரிமை உண்டு. ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் போகும். உறவு முறிவது பெரும்பாலும் இங்கேதான்.

தெருவில் தெரிந்த அக்கா பிடிக்கும் சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்துப் பேர் ஆளுக்கு 2,000 போட்டுப் பெயர் குலுக்கி எடுக்கும் சீட்டில் தள்ளுபடி இல்லை, கமிஷன் இல்லை, வட்டி இல்லை. போட்டது அப்படியே வரும். சிக்கனத்துக்கு அதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. ஆனால் பதிவில்லாததால் தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளர் உதவிக்கு வரமாட்டார். மாதம் 2,000-க்கு மேல் இதில் போடுவது சரியில்லை என்பது எங்கள் கருத்து. கடனே முதல் தேவை என்றால் மகளிர் சுய உதவிக் குழு மேல்: 12 முதல் 20 பேர், வாரக் கூட்டம், உள்கடன், ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். செலுத்தும் வட்டியின் பெரும்பகுதி குழுவிலேயே தங்கும்.

மதிப்பெண் கொடுப்பதென்றால், 5 சதவீதக் கமிஷன் உள்ள பதிவுக் குழுவில் பதினாறாம் மாதத்துக்குப் பிறகு எடுப்பவருக்கு ஐந்துக்கு மூன்றரை. நடுவில் எடுப்பவருக்கு ஒன்றரை. பாஸ்புக்கில் ஒவ்வொரு தவணையும், டிவிடெண்டும் தனித்தனியே பதிந்து முத்திரை வாங்குங்கள். தகராறு சிவில் நீதிமன்றத்துக்குப் போகாது, சீட்டுப் பதிவாளரிடம்தான் போகும். அங்கே முதலில் கேட்பது ஒப்பந்த நகலும் அந்தப் பாஸ்புக்கும்.