சி கோட்ல தேவையில்லாத ஹெடர் களைய எது சரிவரும்: ஸ்கிரிப்டா, இன்க்ளூட்-வாட்-யூ-யூஸா, கிளாங் இன்க்ளூட்-கிளீனரா?

முதல்லயே சொல்லிடுறேன், நாங்க கடைசியில பிடிச்சது கிளாங்ங்கிற சி கொம்பைலரோட வர்ற இன்க்ளூட்-கிளீனர், அதனால இத நடுநிலை அலசல்னு நெனச்சு வாசிக்க வேணாம். மத்த ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் இதுக்கு வந்தோம், அதுல ஒண்ணு இன்னமும் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கையில இருக்கு, அது ஏன்னு பின்னால வரும்.

எங்க கோட் பழசு. நெட்வேர்க் பெட்டிக்குள்ள ஓடுற சி கோட், ஆயிரக்கணக்குல ஃபைல், பல கை மாறி கொழும்பு கொம்பனி ஒண்ணுக்கு வந்து, இப்ப அதுல ஒரு பங்கு வேல ஹட்டன்ல என் மேசையிலயும் பண்டாரவளையில இருக்க ஒரு தம்பியோட மேசையிலயும் நடக்குது. ஒவ்வொரு சி ஃபைலோட தலையிலயும் இருபது முப்பது இன்க்ளூட், அதாவது ஹெடர்ங்கிற வேற ஃபைல்ல இருக்க டிக்ளரேஷன்கள இங்க இழுத்துக்கன்னு சொல்ற வரி, முக்காவாசி பக்கத்து ஃபைல்ல இருந்து கொப்பி அடிச்சு ஒட்டினது. ஒரு ஹெடர்ல கமெண்ட் ஒண்ண திருத்தினாலும் பாதி கோட் திரும்ப கொம்பைல் ஆகும். கொழும்புல நல்ல பில்ட் சேர்வர் இருக்கு, ஆனா அடமழ நாள்ல சிக்னல நம்பி அங்க லொகின் பண்ணி வேல செய்றத விட லெப்டொப்லயே பில்ட் போட்டுரலாம்னுதான் தோணும், அப்பதான் நேரம் எங்க போகுதுன்னு நல்லா உறைக்கும். தேவையில்லாத இன்க்ளூட் ஏன் கெட்டதுன்னு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல, சி எழுதுறவங்களுக்கு தெரிஞ்சதுதான்.

மொத வழி எல்லாருக்கும் தோணுற வழி. ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறது, அது ஒவ்வொரு இன்க்ளூடா எடுத்துட்டு கொம்பைல் பண்ணிப் பாக்கும், ஆச்சுன்னா அத தூக்கிரும், ஆகலன்னா திரும்ப வைக்கும். டூல் எதுவும் வேணாம், கையில இருக்க கொம்பைலரே போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுற ஆளுங்ககிட்டயும் இந்த மாதிரி ஸ்கிரிப்ட் ஒண்ணு பல வருசமா இருந்திச்சு, ஆனா 2024ல பேக்எண்ட் சி ஃபைல்கள களைஞ்சப்ப அவங்க எடுத்தது இன்க்ளூட்-வாட்-யூ-யூஸ்.

தம்பி இந்த ஸ்கிரிப்டுக்குத்தான் மொதல்ல கொடி பிடிச்சான். "அண்ணே, எடுத்தாலும் பில்ட் உடையல, பெறகென்ன, தூக்கிருவோமே"ன்னான். "பில்ட் உடையல, சரி. பெட்டி என்ன செய்யும்னு பாத்தியா தம்பி"ன்னு கேட்டேன், அதுக்கு பதில் இல்ல.

இந்த எடத்த கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். எங்க கோட்ல ஒரு ஃபைல்ல, போர்ட் எண்ணிக்க மெக்ரோ (கொம்பைலுக்கு முன்னாடியே மதிப்பா மாறுற பேர்) 24க்கு மேல இருந்தா ரெண்டாவது சிப்ப எழுப்புன்னு ஒரு ஹாஷ்-இஃப், அதாவது கொம்பைலுக்கு முன்னாடியே பாக்கிற நிபந்தன, இருக்கு. அந்த மெக்ரோ வர்றது போர்டு ஹெடர்ல இருந்து. அந்த ஹெடர எடுத்துட்டா கொம்பைலர் கத்தாது, ஏன்னா சி விதிப்படி ஹாஷ்-இஃப்ல தெரியாத பேர் வந்தா அதுக்கு மதிப்பு 0. 0 எப்படி 24அ தாண்டும்? உள்ள இருக்க மொத்த கோடும் சத்தமில்லாம காணாம போகும், எரர் கெடையாது, சாதாரணமா வோர்னிங்கும் கெடையாது, 48 போர்ட் பெட்டியில பாதி போர்ட் செத்துக் கெடக்கும். ஜிசிசி கொம்பைலர்ல அன்டெஃப் வோர்னிங்க (ஹாஷ்-இஃப்ல தெரியாத பேர் வந்தா சொல்றது) போட்டு வச்சா இது மாட்டும். ஆனா அதே எடத்துல, மெக்ரோ இருக்கான்னு மட்டும் கேக்குற ஹாஷ்-இஃப்டெஃப் இருந்தா அதுலயும் மாட்டாது, மெக்ரோ இல்லங்கிறது அங்க ஒரு நியாயமான பதில்தானே.

இன்னொண்ணு, ஃபங்ஷனோட டிக்ளரேஷன் இருக்க ஹெடர எடுத்தா பழைய கொம்பைலர் வெறும் வோர்னிங்கோட விட்டுரும், அந்த ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும்னு அதுவா ஊகிச்சுக்கும், அது நெசத்துல பொயின்டர் குடுக்குற ஃபங்ஷன்னா 64 பிட் மெஷின்ல அந்தப் பொயின்டரோட மேல் பாதி அங்க வெட்டுப்படலாம். ஜிசிசி 14ல இருந்துதான் இது நேரா எரர், கிளாங்ல 16ல இருந்து. எங்க குரொஸ் கொம்பைலர் (நம்ம மெஷின்ல ஓடி பெட்டிக்கான கோட உண்டாக்குறது) அதுக்கெல்லாம் முந்தினது, அதனால அந்த வோர்னிங்க எரரா மாத்தாம எந்த வழியிலயும் கை வைக்கிறதில்லன்னு முடிவு பண்ணிக்கிட்டோம்.

ஸ்கிரிப்டுக்கு இன்னொரு கொற, எந்த ஹெடர் உண்மையில யாருக்கு வேணும்னு அதுக்கு தெரியாது. ஒரு ஃபைல் ஸ்ட்ரிங் ஹெடர பாவிக்குது, ஆனா அது வேற ஏதோ ஹெடர் வழியாவும் உள்ள வருதுன்னு வைங்க, ஸ்கிரிப்ட் நேரா இருக்கத தூக்கிரும். நாளைக்கு அந்த வேற ஹெடர யாராவது சுத்தம் பண்ணினா சம்பந்தமே இல்லாத இந்த ஃபைல் உடையும். இது களையுறதே இல்ல, கடன தள்ளிப் போடுறது.

எந்த வழியா இருந்தாலும் செய்ய வேண்டிய ஒரு சோதனைய இங்கயே சொல்லிடுறேன். இன்க்ளூட எடுத்த வரிய அழிக்காம வெறும் வரியா விட்டு, டிபக் தகவல் இல்லாம, ஓ-2 ஒப்டிமைசேஷன்ல, முன்னயும் பின்னயும் கொம்பைல் பண்ணி, ஒப்ஜெக்ட் ஃபைல் (கொம்பைலர் தர்ற மெஷின் கோட்) ரெண்டையும் ஸ்ட்ரிப் பண்ணிட்டு பைட் பைட்டா ஒப்பிடுங்க. எடுத்தது நெசமாவே தேவையில்லாததுன்னா ரெண்டும் ஒண்ணா இருக்கணும். வெறும் வரி எதுக்குன்னா, அசெர்ட் மாதிரி மெக்ரோக்கள் லைன் நம்பர உள்ள எழுதும், வரி நகந்தா ஒப்ஜெக்டும் மாறும், அப்பறம் எந்த வித்தியாசம் நெசம் எது பொய்னு தெரியாம மண்டைய பிச்சுக்கணும். தேதி, நேரம் எழுதுற மெக்ரோ இருக்க ஃபைல மட்டும் கண்ணால பாத்துக்கிட்டோம். சோதன முடிஞ்ச பெறகு வெறும் வரிகள அழிச்சுக்கலாம்.

அடுத்தது இன்க்ளூட்-வாட்-யூ-யூஸ். கூகுள்ள பொறந்தது, கிளாங் மேல கட்டினது, கோட நெசமாவே பாகுபடுத்திப் பாத்து எந்தப் பேர் எந்த ஹெடர்ல இருந்து வருதுன்னு கணக்கு வச்சிருக்கும். மேல சொன்ன மெக்ரோ பொறியில இது விழாது, ஹாஷ்-இஃப்ல வர்ற பேரையும் பாவிப்பாவே எடுத்துக்கும். ஆனா இதோட கொள்க அதோட பேர்லயே இருக்கு, பாவிக்கிறத நேரா இன்க்ளூட் பண்ணுன்னு. அதனால எடுக்கச் சொல்ற அளவுக்கு சேக்கவும் சொல்லும். கொள்கையா பாத்தா சரிதான், ஆனா பழைய சி கோட்ல மொத தடவ ஓட்டினா வர்ற பெட்ச்ச ரிவியூ பண்ண யாருமே உக்கார மாட்டாங்க. நம்ம சொந்த உள் ஹெடர்கள, வெளிய காட்டக் கூடாதுன்னு வச்சதையெல்லாம், நேரா இன்க்ளூட் பண்ணுன்னு சொல்லும், அதுக்கு மெப்பிங் ஃபைல் எழுதணும், இந்த உள் ஹெடருக்கு பதிலா அந்த வெளி ஹெடர்னு ஒவ்வொண்ணா. எழுதினோம். அது வளந்துக்கிட்டே போச்சு.

இப்ப எங்கள முடிவெடுக்க வச்ச விசயம், பராமரிப்பு. வேகம், துல்லியம் எல்லாம் ரெண்டாம் பட்சம்தான், ஒரு தடவ களையுறதுக்கு மூணுல எத எடுத்தாலும் கஷ்டப்பட்டு முடிச்சிரலாம். களைஞ்ச பெறகு அடுத்த மாசம் அதே கொப்பி-பேஸ்ட் திரும்ப ஆரம்பிக்கும், அத யார் பாக்கிறது? இங்க தேயிலத் தோட்டத்துல கவ்வாத்து (செடிய வெட்டி விடுறது) நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான், புல்லுவெட்டு அடிக்கடி நடக்கணும், கவ்வாத்த பண்ணிட்டு புல்ல விட்டா மலை என்ன ஆகும்னு லயத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்க்ளூட்-வாட்-யூ-யூஸ் எங்களுக்கு கவ்வாத்துக் கத்தியாத்தான் இருந்திச்சு.

ஏன்னா அதோட ஒவ்வொரு வேர்ஷனும் கிளாங்கோட ஒரு குறிப்பிட்ட வேர்ஷனோட கட்டுப்பட்டது, 0.21 கிளாங் 17க்கு, 0.22 கிளாங் 18க்கு, இப்படியே போகும். கிளாங்க ஏத்தினா இதையும் தேடிப் பிடிச்சு ஏத்தணும், சில நேரம் நாமளே பில்ட் பண்ணணும், ஏத்தினதுக்கு அப்பறம் சொல்ற ஆலோசனையும் கொஞ்சம் மாறும், அப்ப மெப்பிங் ஃபைல திரும்பத் தொடணும். டீம்ல அந்த மெப்பிங் ஃபைல் புரிஞ்சவன் ஒருத்தன், அவன் லீவுல போனா அது அநாத. கொழும்புல தனி டூல்ஸ் டீம் வச்சிருக்க பெரிய கொம்பனிக்கு இது ஒரு விசயமே இல்ல. ரெண்டு மூணு பேர் மலையில இருந்து இழுத்துக்கிட்டு இருக்க கோடுக்கு இதுதான் விசயமே.

இன்க்ளூட்-கிளீனர் கிளாங்குக்குள்ளயே வருது, தனியா எதையும் பொருத்திப் பாக்கத் தேவையில்ல. எடிட்டர்ல கிளாங்-டி (எடிட்டருக்குப் பின்னால நின்னு கோட படிச்சு சொல்ற டூல்) ஓடினா வேர்ஷன் 17ல இருந்து தேவையில்லாத இன்க்ளூட அதுவா மங்கலா காட்டும், ஒரு கிளிக்ல எடுத்துரலாம். அதே 17ல, கோட்ல கொற தேடுற கிளாங்-டைடிக்கும் ஒரு செக்கா வந்திச்சு. மொத்தமா களைய தனி கமாண்டும் இருக்கு, அதுல சேக்கிறத அணைச்சு வச்சு எடுக்கிறத மட்டும் ஓட்டலாம், இந்த ஒண்ணுக்காகவே நான் இது பக்கம் சாஞ்சேன், பெட்ச் முழுக்க அழிச்ச வரி மட்டும்தான், ரிவியூ பண்றவன் கண்ணுக்கு அதுவே பாதி சொகம். அடங்கின சுபாவமும் உண்டு, உதாரணமா இன்க்ளூட் கார்ட் (ஒரே ஃபைலுக்குள்ள ரெண்டாவது தடவ வராம தடுக்கிற வரிகள்) இல்லாத ஹெடர கிளாங்-டி தேவையில்லன்னு சொல்லாது. எங்க கோட்ல ஒரே டேபிள் ஃபைல மெக்ரோவ மாத்தி மாத்தி பல தடவ இன்க்ளூட் பண்ற பழைய வித்தை நெறைய இருக்கு, அதுல கை வைக்காம விட்டது பெரிய நிம்மதி. இன்க்ளூட்-வாட்-யூ-யூஸுக்காக கமெண்டா எழுதி வச்ச கீப், எக்ஸ்போர்ட் குறிப்புகளையும் இது மதிக்கும், அதனால அங்க பட்ட பாடு முழுசா வீண் போகல.

கொறையும் இருக்கு. கிளாங்குக்கு தெரியாத ஜிசிசி ஒப்ஷன்கள கழட்டி விடணும், கொம்பைல் கமாண்ட் ஃபைல் (ஒவ்வொரு ஃபைலையும் எப்படி கொம்பைல் பண்றதுன்னு சொல்ற பட்டியல்) சரியா இருக்கணும், மேக்ஃபைல் மட்டும் வச்சிருக்கவங்களுக்கு அத உண்டாக்கவே 'பேர்' (Bear) மாதிரி ஒரு டூல் வேணும். மாத்தின வரிய மட்டும் பாக்கிற மாதிரி கிளாங்-டைடிய சிஐல (ஒவ்வொரு மாத்தத்தையும் தானா சோதிக்கிற எடம்) போட்டோம், அதுல ஒரு ஓட்ட உண்டு, ஒருத்தர் ஒரு ஹெடரோட கடைசிப் பாவிப்ப அழிச்சா அந்த இன்க்ளூட் வரி மாத்தின வரிகள்ல வராது, அப்ப வோர்னிங்கும் வராது. எடிட்டர்ல மங்கலா தெரியும், ஆனா எல்லாரும் எடிட்டர பாத்து எடுக்குற ஆளுங்க இல்லையே. அதனால மாசத்துக்கு ஒருக்கா முழுசா ஓட்டுறோம்.

இன்க்ளூட்-வாட்-யூ-யூஸுக்கும் இதுக்கும் பொதுவான ஒரு பிரச்சின, ரெண்டும் ஒரு நேரத்துல ஒரு கொன்ஃபிக்கத்தான், அதாவது ஒரு பெட்டிக்கான பில்ட் அமைப்பத்தான், பாக்கும். சின்னப் பெட்டி கொன்ஃபிக்ல ஓட்டினா, பெரிய பெட்டிக்கு மட்டும்னு ஹாஷ்-இஃப்டெஃப்ல வச்ச கோட் அதோட கண்ணுல படாது, அதுக்கு வேண்டிய ஹெடர தேவையில்லன்னு சொல்லும். நாங்க ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியா ஓட்டி, எல்லாத்துலயும் தேவையில்லன்னு வந்தத மட்டும் எடுக்குறோம். இதுக்கு ஒரு சின்ன பைத்தன் ஸ்கிரிப்ட் போதும், ஒப்ஜெக்ட் ஒப்பீடும் ஒவ்வொரு போர்டுக்கும் தனியாத்தான். விண்டோஸ் கொம்பைலர் பக்கம் நான் இத ஓட்டிப் பாத்ததில்ல, அந்தப் பக்கம் இருக்கவங்க என் பேச்ச அப்படியே எடுக்க வேணாம்.

இப்ப மொதல்ல சொன்ன அந்த ஒரு வேல. சி ஃபைல்ல இன்க்ளூட் எடுத்தா கோட் சுத்தமாகும், பில்ட் நேரம் பெருசா எறங்காது, ஏன்னா பாரம் முக்கால்வாசி ஹெடர் ஹெடர இழுக்குற எடத்துலதான் இருக்கு. 2022 ஜனவரியில லினக்ஸ் கெர்னலுக்கு, அத எழுதுறவங்கள்ல ஒருத்தரான இங்கோ மொல்னார் போட்ட ஹெடர் பெட்ச் தொகுப்புல 2,200க்கு மேல கொமிட் இருந்திச்சு, பில்ட் வேகம் கொன்ஃபிக்க பொறுத்து 50ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் கூடும்னு அவர் சொன்னாரு, அந்த லாபம் வந்தது ஹெடருங்களுக்குள்ள இருந்த சிக்க அவிழ்த்ததுல. அப்படியே மொத்தமா அது உள்ள போகலங்கிறதும் கவனிக்க வேண்டியது. இந்த வேலைக்கு இன்க்ளூட்-வாட்-யூ-யூஸ் கெட்டிக்காரன்: ஒரு ஹெடர் பொயின்டர் மட்டும்தான் பாவிக்குதுன்னா முழு ஹெடர இழுக்காத, ஸ்ட்ரக்ட் பேர மட்டும் முன்னால சொல்லிட்டு போன்னு ஆலோசன குடுக்கும், இன்க்ளூட்-கிளீனர் அத சொல்லாது. ஸ்ட்ரக்டுக்கு டேக் பேரே இல்லாம டைப்டெஃப் மட்டும் வச்ச எடத்துல இந்த வித்தை செல்லாது, மொதல்ல டேக் வைக்கணும், எங்க கோட்ல அப்படி வச்சவங்க ரொம்பப் பேர்.

அதனால பழைய கிளாங் ஒண்ணோட அத ஒரு டொக்கர் இமேஜ்ல (டூல்கள அதே வேர்ஷன்ல உறைய வச்ச பொதி) பூட்டி வச்சிருக்கோம், வேர்ஷன ஏத்துறதில்ல, சிஐல இல்ல, மெப்பிங் ஃபைலும் வளராது. எந்த ஹெடர் அதிகமா இழுபடுதுன்னு பாத்து அந்த நாலஞ்சு ஹெடர மட்டும் அதுக்கு காட்டி, அது சொல்றதுல நமக்கு வேண்டியத கையால செய்றோம். போர்டு ஹெடர தம்பி பிரிச்சுக்கிட்டு இருக்கான், லொக் ஹெடர் என் தலையில.