தூத்துக்குடியின் சுத்திகரித்த தூளுப்பு: கூடுதல் விலைக்குத் தகுமா?

தூத்துக்குடியில் சிறிய ஆலையொன்று கடலுப்பைக் கழுவி, உலர்த்தி, அயோடின் சேர்த்து விற்கும் ஒரு கிலோ பாக்கெட்டைச் சில மாதங்களாகச் சமையலுக்குப் பயன்படுத்தி வருகிறேன். கல்லுப்பைவிட இதன் விலை சில ரூபாய் கூடுதல். உப்பைக் கரைத்து வெற்றிடக் கலன்களில் மறுபடி படிகமாக்கும் பெரிய நிறுவனங்களின் உப்பைவிடக் குறைவு. கல்லுப்புக்கு மேல் தரும் அந்தச் சில ரூபாய் எதற்குப் போகிறது என்று பார்த்தால், அது நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

கடல்நீர் உப்பளத்துக்குள் வரும்போது, உப்புநீரின் செறிவைக் காட்டும் பாமே அளவில் ஏறத்தாழ 3.5 டிகிரி இருக்கும். வெயிலில் அது செறியும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டி உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டிய நீரில் மக்னீசியம் உப்புகள் மிகுந்துவிடுவதால், அந்தக் கசப்பு நீரைப் பாத்தியிலிருந்து வடித்துவிட வேண்டும். வடிக்கத் தாமதித்தால் மக்னீசியம் குளோரைடு படிகங்களில் ஒட்டிக்கொண்டு, நாவுக்குக் கசப்பையும் மழைக்காலத்தில் ஈரக்கசிவையும் தரும். ஆலையில் படிகங்களை உடைத்து, இனி உப்பு கரைய இடமில்லாத அளவுக்குச் செறிந்த உப்புநீரில் கழுவுவதால், ஒட்டியிருக்கும் மக்னீசியமும் மண்ணும் போய்விடும், உப்பு பெரும்பாலும் தங்கிவிடும். பிறகு மையவிலக்கு எந்திரத்தில் நீரைப் பிரித்து, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள்.

இம்முறையின் சிக்கனம் எரிபொருளில் இருக்கிறது. மையவிலக்கிலிருந்து வரும் உப்பில் 3 சதவீத ஈரம் இருப்பதாகக் கொண்டால், டன்னுக்கு 30 கிலோ நீரை ஆவியாக்கினால் போதும். கரைத்துப் படிகமாக்குவதானால், 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பே கரையும் என்பதால், டன்னுக்கு 2.8 டன் அளவு நீரை ஆவியாக்க வேண்டியிருக்கும்; நீராவியை அடுத்தடுத்த கலன்களில் மறுபடி பயன்படுத்தி எரிபொருளைக் குறைக்கலாம் என்றாலும், அதற்கான கொதிகலனும் அரிப்பைத் தாங்கும் கலன்களும் சிறிய ஆலையின் முதலுக்கு எட்டாதவை. சமையல் உப்புக்கு நம் நாட்டு விதி கேட்பது, உலர்ந்த நிலையில் 96 சதவீத சோடியம் குளோரைடு. நன்றாகக் கழுவிய கடலுப்பு இதை எட்டிவிடும் என்பதால், வீட்டுச் சமையலுக்கு அதற்கு மேல் செலவிடத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த உப்பு கட்டி தட்டாமல் உதிர்கிறது, கசப்பு இல்லை. தண்ணீரில் கரைத்தால் லேசான கலங்கல் தெரிகிறது. கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கா போன்ற பொருள்களால் இப்படிக் கலங்கலாம். அதை அழுக்கு என்று எண்ண வேண்டாம். உலர்வாக இருப்பதன் பெரிய பயன் அயோடினுக்குத்தான். கடையில் வாங்கும் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடின் இருக்க வேண்டும். நாள்பட அது குறையும்; ஈரத்தில் இன்னும் விரைவாகக் குறைந்துவிடும். இவ்வளவு முக்கியமான விஷயத்தில், பாக்கெட்டின் மீதுள்ள தயாரிப்புத் தேதி விரல் பட்டதும் அழியும் மையில் அச்சாகியிருப்பது வருத்தமளிக்கிறது. உடனே திருத்த வேண்டிய குறை இது.

ஆலைக்கு இன்னொரு கோரிக்கையும் உண்டு. கழுவும் நீரில் மக்னீசியம் சேரச் சேர அதை மாற்றியாக வேண்டும். மாற்றும்போதெல்லாம் அதில் கரைந்துள்ள உப்பும் வீணாகிறது. கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்து உப்பு வாரும் அளத்தினரால் இந்த இழப்பு குறைகிறது. அப்படி மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை அவர்களுக்குக் கூடுதல் விலையாகத் தருவதே முறை.