அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பாதீர்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு விடுதி ஒழுங்கு செய்கிறவர்கள் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். அறையை உறுதிப்படுத்தக் கடனட்டையின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து வைபரில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கனடாவிலுள்ள என் அண்ணாவிடம் யாழ் நகர விடுதி ஒன்று அப்படித்தான் கேட்டு வாங்கியது. அறைக் கட்டணத்தை அவர் ரொக்கமாகவே செலுத்தினார். கனடா திரும்பிய பின் பார்த்தால், பெயரே கேள்விப்படாத இணையக் கடைகள் அவருடைய அட்டையில் டொலர் டொலராகக் கழித்திருக்கின்றன.

நான் நேரில் போய்க் கேட்டேன். "படத்தை அப்போதே அழித்துவிட்டோம் தம்பி" என்று காட்டுவதற்காக முகாமையாளர் வரவேற்பு மேசைக் கைபேசியைத் திறந்தார். அண்ணாவின் அட்டை அங்கேயே இருந்தது. அதற்கு மேலும் கீழும் வேறு விருந்தினர்களின் அட்டைகள், முன்பக்கமும் பின்பக்கமுமாக வரிசையாக. வேலைக்கு வரும் எல்லோர் கையிலும் புழங்கும் கைபேசி அது! எடுத்தவர் யார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இப்படித் திறந்து போட்டது பெரும் அநியாயம்.

இரகசிய இலக்கம் (PIN) தன்னிடம்தானே இருக்கிறது என்று அண்ணா நம்பியிருந்தார். அது பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் கடை இயந்திரத்துக்கும் உரியது. இணையத்தில் கேட்பது அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கங்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையில் அவை நான்கு, முன்பக்கத்தில் இருக்கும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணை எல்லாத் தளங்களும் கேட்பதில்லை. அட்டை உரியவரின் கையில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகவே அந்த மூன்று இலக்கங்கள் வைக்கப்பட்டன. அதனால்தான் வங்கி அனுமதி கிடைத்த பின் வணிகர் எவரும் அவற்றைச் சேமித்து வைக்கக் கூடாது என்று சர்வதேச அட்டை விதிகள் தடுக்கின்றன. கைபேசியில் கிடக்கும் ஒரு படம் அந்தக் காவலை முழுதாக உடைத்துவிடுகிறது.

அண்ணா உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்கி, புதிய இலக்கத்தில் வேறு அட்டை பெற்றார். தான் செய்யாத கொடுப்பனவுகளை மறுத்து எழுதியும் கொடுத்திருக்கிறார். இரகசிய இலக்கத்தை (PIN) மட்டும் மாற்றுவதால் பயனில்லை. இலங்கை வங்கி அட்டையென்றால், வங்கி கைவிரிக்கும்போது மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம். அட்டை மோசடிகளுக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

விடுதி நடத்துகிறவர்களே, முற்பணம் வேண்டுமானால் வங்கிக் கணக்கிலக்கத்தைக் கொடுங்கள். சேர்த்து வைத்திருக்கும் படங்களை இன்றைக்கே அழியுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், காசு போகும்வரை காத்திராமல் அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.