பாட்டூர் மலையும் துலாம்பென் கடலும்: பாலி வார இறுதிப் பேக்கேஜ் வாங்கலாமா?

சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல், கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரம். திங்கள் ஒரு நாள் லீவு கிடைத்தால் போதும், நண்பர்கள் குழுவில் பாலி பேச்சு கிளம்பிவிடும். பாட்டூர் எரிமலையில் சூரிய உதயம், துலாம்பெனில் மூழ்கிய கப்பலைச் சுற்றி ஸ்கூபா டைவிங் என்று இரண்டையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்கும் பேக்கேஜ்கள் அங்கே ஏராளம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல சரக்குதான். சேர்த்துக் கட்டும் வரிசையில்தான் வில்லங்கம். சனிக்கிழமை டைவ், ஞாயிறு விடியலில் மலை என்று போட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் நைட்ரஜன். ஆழத்தில் மூச்சு விடும்போது உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வந்த பிறகும் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து குமிழி கட்ட வாய்ப்புண்டு. மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் கை கால் இழுத்துக்கொள்வது வரை போகும். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் விமானப் பயணத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. விமானக் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். பாட்டூர் உச்சி 1,717 மீட்டர். வித்தியாசம் பெரிதில்லை. இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை இரண்டாவது டைவ் முடிய மதியம் 2 மணி. நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு வேன் வரும். மூன்று, மூன்றரைக்குள் எரிமலைப் பள்ளத்தின் பெனலோகான் விளிம்பில் சுமார் 1,450 மீட்டரில் இருப்பீர்கள். இடைவெளி பதிமூன்று, பதிமூன்றரை மணி நேரம்தான், அதன் மேல் செங்குத்தான ஏற்றம் வேறு. "நாங்க ஏறல, ஜீப்புலதான் போறோம்" என்பவர்களுக்கும் இதேதான். காலால் போனாலும் சக்கரத்தில் போனாலும் உயரம் உயரம்தான்.

திருப்பிப் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்து டைவ் அடிப்பதற்கு நைட்ரஜன் கணக்கில் தடை எதுவும் கிடையாது. வெள்ளி இரவு உபுதில் தங்கல், சனி விடியலில் பாட்டூர், இறங்கி டோயா புங்காவில் வெந்நீர் ஊற்று, அங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் துலாம்பென். சனி மாலை முழு ஓய்வு. ஞாயிறு காலை 6 மணிக்கு ஒரு டைவ், 9 மணி வாக்கில் இன்னொன்று, நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். திங்கள் மதியத்துக்குப் பிறகு விமானம் ஏறினால் 24 மணி நேர இடைவெளி கிடைக்கும். விமான நிலையத்துக்குத் திரும்பும்போது ஓட்டுநர் மலை மேல் இருக்கும் கிந்தாமணி வழியாக வண்டியை விடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்லாபுரா, சண்டிதாசா வழியாகக் கீழே வரும் சாலைதான் டைவர்களுக்கு உரியது.

பாட்டூரைப் பற்றி. ஏற்றம் பூரா ஜாதி கோயில் பக்கமோ டோயா புங்கா பக்கமோ தொடங்கும். ஏரி மட்டம் சுமார் 1,030 மீட்டர் என்பதால் உண்மையில் ஏறுவது 700 மீட்டருக்கு அருகில். நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு மணி நேரம். முதல் பாதி தோட்டப் பாதை, லேசான சரிவு. கடைசி முப்பது, நாற்பது நிமிடம்தான் ஆளைப் பார்க்கும். எரிமலைச் சரளை, இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். இருட்டில் முன்னால் நூறு பேர், பின்னால் நூறு பேர் என்று நெற்றி விளக்கு வரிசையாகத் தெரியும். தனிமை தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். உள்ளூர் வழிகாட்டிகள் சங்கத்தின் ஆள் இல்லாமல் ஏற விடமாட்டார்கள், அதை வைத்து வாதாடிப் பயனில்லை. ஒரு வழிகாட்டிக்கு நாலு பேர் என்பது சரியான அளவு. ஆறேழு பேரை ஒருவர் தலையில் கட்டினால் மெதுவாக ஏறுகிறவர் பின்தங்கி இருட்டில் தனியாக நிற்பார்.

உச்சியில் வியர்த்த சட்டையோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுங்கிவிடும். வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இருந்தாலும் காற்று விடாது. மாற்றுச் சட்டை ஒன்று, காற்று புகாத மேலங்கி ஒன்று, இரண்டும் பையில் இருக்க வேண்டும். வானம் தெளிந்தால் எதிரே அபாங், அதன் பின்னால் ஆகுங், இன்னும் தள்ளி லொம்போக் தீவின் ரிஞ்சானி என்று மூன்று மலையும் தெரியும். காலை உணவாக எரிமலை ஆவியில் வேக வைத்த முட்டை, வாழைப்பழம், ரொட்டி. முட்டையும் சாப்பிடாதவர்கள் சப்பாத்தியோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போவது நல்லது. திறந்து வைத்த உணவு உங்களுக்கா, அங்கே சுற்றும் குரங்குகளுக்கா என்பது உங்கள் கைவேகத்தைப் பொறுத்தது.

அடிபடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். கால்விரலை ஊன்றினால் சறுக்கும். குதிகாலைச் சரளையில் அழுத்தி, முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். ஒரு கைத்தடி இருந்தால் முட்டிக்குப் பாதி வேலை மிச்சம். ஓட்டப் பயிற்சிக் காலணியில் சரளை புகுந்துவிடும், கணுக்கால் வரை மூடிய காலணி வேண்டும். முதல் நாளே கால்நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் முட்டிக் கன்றிய விரலோடு மறுநாள் டைவிங் பூட் மாட்டுவது நரகம். ஏற்றத்துக்குப் பத்துக்கு ஏழு கொடுக்கலாம். காட்சிக்கு அதற்கு மேலேயே கொடுக்கலாம், கூட்டத்துக்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

துலாம்பென் வேறு ரகம். கிராமம் சின்னது, கடற்கரையில் மணல் இல்லை, வழவழப்பான கருங்கற்கள்தான். கரையிலிருந்து முப்பது மீட்டர் நீந்தினால் கீழே அமெரிக்க ராணுவக் கப்பல் யு.எஸ்.ஏ.டி. லிபர்ட்டி. 1942 ஜனவரியில் லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி இந்தச் சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்தது. பாலியின் வடகரைத் துறைமுகமான சிங்கராஜாவுக்கு இழுத்துப் போகும் வழியில் நீர் ஏறவே, துலாம்பென் கரையில் ஏற்றி விட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. அதனால்தான் ஏறத்தாழ 120 மீட்டர் நீளக் கப்பல் படகு வைக்காமலே எட்டும் தூரத்தில், 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் ஆழம் வரை சாய்ந்து கிடக்கிறது. புதியவர் முதல் பழுத்தவர் வரை எல்லோருக்கும் அதில் ஒரு மூலை உண்டு.

போக வேண்டிய நேரம் விடியல். தென்பகுதி ஹோட்டல்களிலிருந்து வேன்கள் 9 மணிக்குப் பிறகு வந்து இறங்க ஆரம்பிக்கும், அப்புறம் கப்பலை விட ஃபின்ஸ்கள்தான் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்புகள்) அதிகம் தெரியும். ஆறு மணிக்கு இறங்கினால், நெற்றி புடைத்த பெரிய பச்சைக் கிளிமீன்கள் கப்பலின் பொந்துகளை விட்டு மெல்ல வெளியேறுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். பக்கத்து மணலில் தோட்ட விலாங்குகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், நெருங்கினால் ஒட்டுமொத்தமாக உள்ளே போய்விடும். துலாம்பெனில் இரவு தங்காமல் இந்த டைவ் கிடைக்காது.

கல்லில் இறங்குவதுதான் முதல் சோதனை. டேங்கை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், மீதி உங்கள் பாடு. அடி கெட்டியான பூட், பின்பக்கம் பட்டை வைத்த ஃபின்ஸ், இரண்டும் கட்டாயம். வெறுங்காலில் மாட்டும் ஃபின்ஸ் இங்கே உதவாது. பி.சி.டி. என்ற மிதவை மேலங்கியில் பாதிக் காற்று, மாஸ்க் முகத்தில், மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் வாயில், ஃபின்ஸ் கையில். அலை வரிசையை எண்ணி, பெரியது உடைந்ததும் நடந்து இடுப்பளவு நீருக்குப் போய்விட வேண்டும். அங்கே கூட்டாளியின் தோளைப் பிடித்து ஃபின்ஸ் மாட்டுங்கள். முழங்கால் நீரில் நின்று மாட்ட முயல்கிறவர்களைத்தான் அலை புரட்டிக் கல்லில் போடும். வெளியே வரும்போதும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கக் கூடாது. விழுந்தால் எழுந்து நிற்கப் போராடாமல் தவழ்ந்தே கரையேறுங்கள்.

டைவ் கடைகள் தெரு நெடுக இருக்கின்றன. பளபளப்பான முகப்பை நம்ப வேண்டாம், சாதனத்தைச் சோதியுங்கள். பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு முறை இழுத்து மூச்சு விடுங்கள். முள் கீழே துள்ளித் திரும்பினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. கரையில் 200 பார் அழுத்தம் காட்டிவிட்டு 20 மீட்டரில் மூச்சு முட்டுவது இதனால்தான். உபரி ரெகுலேட்டரான ஆக்டோபஸிலும் இழுத்துப் பாருங்கள். பி.சி.டி. பட்டனை அழுத்தி விட்டதும் காற்று நிற்கிறதா, உப்புக் கட்டி ஒட்டிக்கொள்கிறதா பாருங்கள். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று தருகிறார்களா என்று கேளுங்கள். வழிகாட்டி கையில் ஒன்று இருப்பது குழுவுக்கே போதும் என்பது தவறான சமாதானம், ஏனென்றால் அவர் இருக்கும் ஆழத்தில் நீங்கள் இருப்பதில்லை. கடையில் ஆக்சிஜன் பெட்டி எங்கே என்று கேட்டால் தயங்காமல் எடுத்துக் காட்ட வேண்டும். நைட்ரஜன் குமிழிக்கான உயர் அழுத்த அறைச் சிகிச்சைக்குத் தலைநகர் தென்பசார் வரை சாலைவழி போயாக வேண்டிய இடம் இது.

எடைப் பட்டையில் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு இங்கேயும் உண்டு. சீக்கிரம் மூழ்கட்டும் என்று இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிவிடுவார்கள். பிறகு அதைச் சமாளிக்க பி.சி.டி.யில் காற்றை ஏற்றி இறக்கியே டேங்க் காலியாகும். மூன்று மில்லிமீட்டர் உடை, அலுமினிய டேங்க் என்றால் நடுத்தர உடம்புக்கு 4 கிலோவில் தொடங்கிப் பார்க்கலாம். சரியான சோதனை டைவின் முடிவில்தான். 50 பார் மீதமிருக்கும்போது 5 மீட்டரில், பி.சி.டி. காலியாக, அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. காற்று தீரத் தீர அலுமினிய டேங்க் மிதக்கத் தொடங்கும், அதனால் தொடக்கத்தில் மட்டும் சோதித்தால் போதாது.

காற்றுக் கணக்கு: டேங்க் 11.1 லிட்டர், 200-லிருந்து 50 பார் வரை செலவழிக்கலாம், ஆக 1,665 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் அது 60 ஆகும், 27 நிமிடம் வரும். 30 மீட்டரில் 80 லிட்டர், 20 நிமிடம்தான். முந்தின நாள் மலை ஏறிய கால்கள் ஃபின்ஸ் அடிக்கையில் இன்னும் கூடவே கேட்கும். ஆகவே முதலில் ஆழமான பக்கம் போய் எட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி, மீதி நேரத்தைக் கப்பலின் மேல்பகுதியில் 15 மீட்டருக்கு மேலே கழித்து, 5 மீட்டரில் நைட்ரஜன் வெளியேற மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்போடு முடியுங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்று) சான்றிதழ் இருந்தால் 32 சதவீத ஆக்சிஜன் கலவை கேளுங்கள். அதன் ஆழ வரம்பு 34 மீட்டர் என்பதால் இந்தக் கப்பலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

நண்பர்களில் பாதிப் பேருக்குச் சான்றிதழ் இருக்கும், பாதிப் பேர் முதல் முறை இறங்குவார்கள். ஒரே குழுவாக இறக்கச் சொல்லாதீர்கள். புதியவர்களுக்கு ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேர், உச்ச ஆழம் 12 மீட்டர், இடம் பக்கத்திலிருக்கும் கோரல் கார்டன். ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் முடித்தவர்கள் 18 மீட்டர் வரை கப்பலில். சளி பிடித்தவர் இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டுக் காதைத் திறந்து இறங்கினால், மருந்தின் வேகம் கீழே இருக்கும்போதே அடங்கி, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

மலை முதலில், கடல் பிறகு என்ற வரிசைக்கும் ஒரு குறை உண்டு. ஞாயிறு மாலை முட்டி வலித்தால் அது மலையின் வலியா, நைட்ரஜனா என்று குழம்பும். டைவுக்கு முன் காலையிலேயே எங்கெங்கே வலி என்று ஒவ்வொருவரும் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டைவுக்குப் பிறகு புதிதாக ஓர் இடத்தில் வலியோ மரத்துப்போதலோ வந்தால் யோசிக்காமல் ஆக்சிஜன், பிறகு மருத்துவர். பாலி மசாஜையும் சனி மாலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். டைவ் முடித்த அன்று அழுத்திப் பிடித்துவிட்டால் புதிய வலி எது என்று யாராலும் சொல்ல முடியாது. காப்பீட்டில் ஸ்கூபா எத்தனை மீட்டர் வரை செல்லும் என்ற வரியையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரியான வரிசையில் தரும் கடையாக இருந்தால், துலாம்பெனுக்காகவே இந்தப் பேக்கேஜ் தாராளமாக வாங்கலாம். பாட்டூர் கூட வரும் துணைதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். மழை மாதங்களில் மலையில் உதயம் தெரியாமல் போகலாம், கரையோரத் தண்ணீரும் கலங்கும். டிக்கெட் போடுமுன் பாலியின் மௌன நாளான நியேப்பி எந்தத் தேதி என்று பாருங்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும் அந்த ஒரு நாள் முழுக்க பாலி விமான நிலையமே மூடியிருக்கும், ஹோட்டல் வாசலைத் தாண்டி வெளியே போகவும் அனுமதி கிடையாது.