மூடும் அன்பா, கடிந்துகொள்ளும் அன்பா?

சபையில் ஒருவர் நமக்குத் தவறு செய்தால் இயேசுவின் சீஷனுக்கு இரண்டு வழி. ஒன்று, பொறுத்து மறப்பது: அன்பு திரளான பாவங்களை மூடும் (1 பேதுரு 4:8). ஒரு சுடுசொல், தவறிய வாக்கு போன்றவற்றுக்கு இதுவே போதும். ஆனால் மனம் அதையே அசைபோட்டால் அது மூடப்படவில்லை, அடக்கப்பட்டிருக்கிறது.

மற்றது, போய்ப் பேசுவது. தவறு தொடர்ந்தாலோ பிறரைக் கெடுத்தாலோ இதுதான் அன்பு. ‘பிறனில் அன்புகூருவாயாக’ என்பதற்கு முந்தின வசனமே (லேவியராகமம் 19:17) கடிந்துகொள்ளச் சொல்கிறது. மத்தேயு 18:15-17 தரும் வரிசை: முதலில் தனியாக, பிறகு ஓரிருவருடன், கடைசியில் சபைக்கு. பெரும்பாலும் முதல் படியிலேயே கெடுகிறது. தவறு செய்தவரைப் பார்க்குமுன் ‘ஜெபக்குறிப்பு’ (ஜெபிக்க வேண்டிய காரியம்) என்று நாலு பேரிடம் சொல்லிவிடுகிறோம். அவர் வெட்கி விலகிவிடுகிறார்.

குழந்தைகள்மீதான வன்கொடுமைக்கு இரண்டுமே பொருந்தாது. உடனே காவல்துறையிடம் போக வேண்டும்.