பெட்டி ஒரிஜினல், உள்ளே பாகங்கள் கோத்த இரண்டு சட்டம் டூப்ளிகேட்: பழைய விமான மாடல் கிட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. "அபூர்வமான கிட், கை படாதது, அவசரத் தேவைக்காக விற்கிறேன்." பெட்டியைவிட அதற்குக் கீழே விரித்திருந்த பூப்போட்ட மேசைவிரிப்புதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஆறு மாதத்துக்கு முன் அதே விரிப்பின் மேல் வைத்து எடுத்த படத்தைப் பார்த்துத்தான் நான் 21,500 ரூபாய் அனுப்பினேன். இப்போது அதற்குள் இரண்டு பேர் "எனக்கு வேண்டும்" என்று கை தூக்கிவிட்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன். விற்பவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. பணம் அனுப்பிய ரசீது, பேச்சு, படங்கள் எல்லாவற்றையும் அட்மினிடம் கொடுத்துவிட்டேன்.

நான் வாங்கியது முதல் உலகப் போர்க்கால எஸ்.இ.5ஏ விமானம், 1/32 அளவு (நிஜ விமானத்தில் 32-இல் ஒரு பங்கு), விங்நட் விங்ஸ் கிட், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் செய்யும் பெட்டி. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் நடத்திய நிறுவனம். 2009-இல் முதல் கிட்கள் வந்தன, 2020-இல் கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து மிச்சமிருக்கும் பெட்டிகளுக்கு விற்பவர் சொல்வதுதான் விலை. ஏமாற்றுக்காரர்கள் நுழைவதற்கு இதைவிட நல்ல வாசல் வேண்டாம்.

இவ்வளவு கொடுத்து ஏன் அதையே தேடினேன் என்றால், இந்திரலால் ராய் ஓட்டிய விமானம் அது. கல்கத்தாக்காரர். 1918 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 40-ஆம் ஸ்குவாட்ரனில் இரண்டே வாரத்தில் பத்து விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் 22-ஆம் தேதி பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 19. 1998-இல் தபால் தலைகூட வந்தது. என் அக்கா மகள் என்.சி.சி. ஏர் விங்கில் இருக்கிறாள். "மாமா, இவரைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லையே" என்று ஒரு நாள் கேட்டாள். அவள் பிறந்தநாளுக்கு இந்த விமானத்தைச் செய்து கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் பேச்சில் குறையே சொல்ல முடியாது. என்னை "ப்ரோ" என்றுதான் கூப்பிட்டார். உள்ளே இருக்கும் பாகங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூடியின் படம், விளக்கப் புத்தகத்தின் படம், டெக்கால் தாளின் (மாடல் மேல் ஒட்டும் சின்னங்கள்) படம் வந்தன. பாகங்கள் கோத்த பிளாஸ்டிக் சட்டங்களின் படம் மட்டும் வேறொரு மேசையில், வேறொரு வெளிச்சத்தில் இருந்தது. அது அன்றைக்கே உறுத்தியிருக்க வேண்டும். பிறகு தேடிப் பார்த்தபோது, வெளிநாட்டு ஏலத்தளம் ஒன்றில் யாரோ எப்போதோ போட்ட படம் அது என்று தெரிந்தது. பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். நண்பருக்கு அனுப்புவது மாதிரி, ஒரே தட்டு.

பெட்டி நாலாம் நாள் வந்தது. இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. திறந்தேன், புத்தகத்தைப் புரட்டினேன், டெக்கால் கொஞ்சம் மஞ்சளித்திருந்ததைப் பார்த்தேன். அதை அவர் முன்பே சொல்லியிருந்தார், நேர்மையான மனுஷன் என்று நினைத்தேன்! சட்டங்கள் பாலித்தீன் பைகளில் இருந்தன. கையால் அமுக்கிப் பார்த்து, மூடி, பரணில் ஏற்றிவிட்டேன். வாங்கி அடுக்கி வைத்து, நேரம் வரும்போது செய்வதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். ஏமாற்றுபவருக்கு அந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும்.

நாலு மாதம் கழித்து ஆரம்பித்தேன். முதல் மூன்று வாரம் சொர்க்கம். விமானியின் அறைக்குள் மரச்சட்டங்கள், இருக்கையின் தோல், பெட்ரோல் டாங்க், எல்லாம் கத்தியால் வெட்டியது போல அச்சாகப் பொருந்தின. இறக்கை முழுதாக விரிந்தால் 25 செ.மீ. மேல்பக்கத்துக்கு பி.சி.10 என்கிற அந்தப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தை மூன்று தடவை கலந்து அடித்தேன்.

அப்புறம் மேல் இறக்கையை ஏற்றும் வேலை. இரட்டை இறக்கை விமானத்தில் உயிர் போவது இங்கேதான். உடம்பிலிருந்து நான்கு தாங்கு தண்டுகள், இறக்கைகளுக்கு நடுவே பக்கத்துக்கு இரண்டாக நான்கு. எட்டும் ஒரே நேரத்தில் எட்டுக் குழிகளுக்குள் உட்கார வேண்டும், அதுவும் கோணம் பிசகாமல். டமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்கிற மாடல் பசையைத் தடவி, அட்டையில் வெட்டிய தாங்கிக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தொட்டேன். நான்கு வெளித்தண்டுகளும் பல் விழுவது போலக் கழன்று கையில் வந்தன.

சிமென்ட் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். புதுப் புட்டி வாங்கினேன், அதே கதை. பொறுமை போய் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன், பிடித்துக்கொண்டது. இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்காக மீன்பிடிக்கிற மெல்லிய நைலான் நூலைத் துளைகளில் கோத்து இழுத்துக் கட்டினேன். சென்னையில் மே மாதம், மாடி அறை, ஏ.சி. கிடையாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இடது பக்கத் தண்டுகள் வில் மாதிரி வளைந்து, அந்தப் பக்க இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிய நூலெல்லாம் தொய்ந்துவிட்டது.

ஒரு தண்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தேய்ந்தால் சுருள் சுருளாக வரும். இது முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. அது ரெசின், திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பொருள்! யாரோ உண்மையான சட்டத்தை சிலிக்கான் அச்சில் வைத்து, ரெசின் ஊற்றி நகல் எடுத்து, சாம்பல் நிறம் கலந்து, பையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சட்டத்தின் பின்பக்கம் குண்டூசித் தலை அளவுக்குக் காற்றுக்குமிழ் ஓட்டைகள். மாடல் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டும், ரெசினை அது தொடாது. மெல்லிய ரெசின் பாகம் சூட்டில் நெளியும். நகல் எடுக்கும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். கோவையில் இதே கிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வெர்னியர் அளவுகோலால் அளந்து சொன்னார். என்னுடைய தண்டுகள் அரை மில்லிமீட்டர் குட்டை. சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது புரொப்பெல்லர் இருந்த சட்டமும் நகல் என்று தெரிந்தது. யாரோ தன் வேறொரு மாடலுக்காக நல்லதை எடுத்துக்கொண்டு, ஓட்டையை ரெசினால் அடைத்து, மீதியை முழு விலைக்கு எனக்குத் தள்ளியிருக்கிறார்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தெரிந்திருந்தால் முகக்கவசம் போட்டு, ஈரம் வைத்துத்தான் தேய்த்திருப்பேன்.

போன் செய்தேன். "சார், நான் கொடுத்தது ஒரிஜினல்தான் சார். நாலு மாசம் உங்க வீட்டுல இருந்திருக்கு, நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ப்ரோ ஒரே நாளில் சார் ஆகிவிட்டார். அடுத்த நாள் என் எண்ணைத் தடை செய்தார்.

நண்பர்கள் 1930-க்கு அழைக்கச் சொன்னார்கள். சைபர் மோசடி உதவி எண். பணம் போன கையோடு சொன்னால் கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். இத்தனை மாதம் கழித்து அழைத்துப் பதிவு செய்ததில் எனக்கு ஒரு எண் கிடைத்தது, அவ்வளவுதான். கடையில் வாங்கியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தனி ஆளிடம் பில் இல்லாமல் வாங்கிவிட்டு அங்கே போய் எதை நீட்டுவது?

குழுவில் கை தூக்கிய அந்த இருவருக்கும் நான் சொல்வது இதுதான். ஒரு தாளில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி, அதை ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடியின் படம் எதற்கும் உதவாது. சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். பார்சல் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து, விளக்கப் புத்தகத்தில் இருக்கும் பாகப் படத்தோடு சட்டம் சட்டமாக ஒத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சட்டத்தின் வேண்டாத மூலையில் ஒரு சொட்டு சிமென்ட் வைத்து நகத்தால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் என்றால் இளகும், நகம் பதியும். ரெசின் கல்லு மாதிரி அப்படியே இருக்கும். இரண்டு நிமிட வேலை, நான் செய்யவில்லை.

அக்கா மகளின் பிறந்தநாள் போய்விட்டது. "பரவாயில்லை மாமா" என்றாள், அது இன்னும் மோசமாக இருந்தது. பாரிமுனையில் ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வாங்கி, சரியான நீளத்துக்கு வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகடு சுற்றி, நீர்த்துளி வடிவத்துக்குத் தேய்த்து நான்கு தண்டுகள் செய்துவிட்டேன். இறக்கை இப்போது நேராக நிற்கிறது. புரொப்பெல்லர்தான் பாக்கி. உங்களில் யாரிடமாவது இந்தக் கிட்டின் புரொப்பெல்லர் சட்டம் உபரியாக இருந்தால் சொல்லுங்கள், நியாயமான விலை தருகிறேன். படம் அனுப்பும்போது பக்கத்தில் என் பெயர் எழுதிய தாள் இருக்க வேண்டும், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.